இதயம் என்று எழுதிய சர்டிபிகேட்

டாக்டர் கிருஷ்ணவேணிக்கு நோயியல் பாடம் என்றாலே வேப்பங்காய். கிழிந்ததைத் தைக்கச் சொன்னால் தைப்பாள்; முறிந்த எலும்பை இழுத்து நேராக்கச் சொன்னால் செய்வாள்; அடங்கப் போகிற மூச்சைப் பிடித்து நிறுத்துவதில் அவளுக்கு ஒரு வெறியே உண்டு. ஆனால் செத்த சதை என்ன நிறத்தில் இருக்கும், வீங்கிய மண்ணீரலை அறுத்தால் எப்படித் தெரியும் என்று பக்கம் பக்கமாக உருப்போட அவளால் முடியவில்லை. அதுதான் போன வருஷம் அவள் காலை வாரிவிட்டது. மேற்படிப்பின் முதல் பகுதியில் மூன்று பாடங்களையும் ஒரே தடவையில் தேறியாக வேண்டும். நோயியலில் நாலு மார்க்கில் தவறினாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், அடிபட்டு வருகிறவர்களுக்கென்றே இருந்த தனி வார்டில் பயிற்சிக்குப் போகும் ஆசை, அதோடு ஒரு வருஷம் தள்ளிப்போனது.

தாமல் ஏரிக்குக் கீழே நெல் போட்டுக்கொண்டிருந்த தர்மனின் மகள் அவள். அந்த வம்சத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் பெண்ணும் அவள்தான். 1973ஆம் வருஷம் காஞ்சிபுரத்தில் திருமகள் தர்ம ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டராக இருந்தாள். பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மத்தியானம் ஆள் வரத்து குறைகிற நேரத்தில், டூட்டி அறையின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பாள்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், ரத்தத்தின் நிறமிகளைப் பற்றிய அத்தியாயத்தைத் திறந்தாள். பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் சொன்னதால் போன வருஷம் தொடாமலே விட்ட அத்தியாயம் அது. மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. சில ரசாயனங்கள் உடம்பில் ஏறினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற சக்தியை இழந்துவிடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்து போகும். பிராணவாயு கொடுத்தாலும் நீலம் மாறாது. ரத்தத்தை வெளியே எடுத்துக் காற்றுப் படும்படி வைத்தாலும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே இருக்கும். சாயத் தொழிலில் புழங்குகிற அனிலின் எண்ணெய் தோல் வழியாகவே ஏறிவிடும். மெத்திலீன் நீலத்தை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் பிழைக்கலாம்.

அவள் அந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்கவில்லை. புத்தகத்தை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போய்க் கேஷுவாலிட்டிப் பதிவேட்டைப் புரட்டினாள். பதினாறு நாளைக்கு முந்தைய பக்கத்தில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. பெரியநாயகி, வயது இருபத்து நாலு, ஐயம்பேட்டை. மூச்சுத் திணறல். இதயக் கோளாறு. மாலை நாலேகாலுக்கு மரணம்.

அந்தப் பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. சிலிண்டரைத் திறந்து முகமூடியை வைத்தும் அந்த நிறம் மாறவில்லை. சோதனைக்கு ரத்தம் எடுத்தபோது நர்ஸ் பூவம்மாள் ஊசிக்குழலைப் பார்த்துவிட்டு, இது என்ன காப்பி டிகாக்ஷன் மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள். மூச்சு போதாமல் கறுத்திருக்கிறது என்று கிருஷ்ணவேணி பதில் சொன்னாள். பெரிய டாக்டர் கிருஷ்ணஸ்வாமி வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்திருக்கும், இதய வால்வு கெட்டுப் போயிருக்கிறது என்றார். இதயத்துக்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் போய்விட்டாள். சர்டிபிகேட்டில் காரணம் என்ற இடத்தில் இதயம் செயலிழந்ததால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது கிருஷ்ணவேணி.

முதலில் அவளுக்குக் கோபம் அந்தப் புத்தகத்தின் மேல்தான் வந்தது. இத்தனை முக்கியமான சங்கதியை ஒரு மூலையில் பத்து வரியில் போட்டிருக்கிறானே என்று. அது நியாயமில்லை என்று அடுத்த நிமிஷமே தெரிந்தது. பத்து வரியானாலும் அது போன வருஷமும் அங்கேதான் இருந்தது. படிக்காமல் விட்டது அவள்.

பூவம்மாளைக் கூப்பிட்டு, அந்தப் பெண் எங்கே வேலை செய்தாள் என்று கேட்டாள். பூவம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மாணிக்கவாசகம் சாயப்பட்டறையில் காலி டிரம் கழுவுகிற வேலை என்றும், அன்றைக்கு அவளுடைய புடவையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததென்றும், தான்தான் உருவிப் போட்டதாகவும் சொன்னாள். மாணிக்கவாசகம் யாரென்று கிருஷ்ணவேணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கமிட்டியில் அவர் முக்கியமான ஆள். ஆபரேஷன் தியேட்டரின் பெரிய விளக்கே அவர் கொடுத்ததுதான். அதன் மேல் அவர் பெயரைப் பொறித்திருந்தார்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிருஷ்ணஸ்வாமியின் அறைக்குப் போனாள். அவர் சின்ன காஞ்சிபுரத்து மனிதர். முப்பது வருஷ டாக்டர், அதிர்ந்து பேசியறியாதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தியை முழுக்கப் படித்தார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். உடம்பை எரித்தாயிற்று, இனிமேல் எதை வைத்து நிரூபிப்பது என்று கேட்டார். புத்தகத்தை மூடி அவள் பக்கமாகத் தள்ளினார்.

"போனவ திரும்பி வரப்போறதில்லே. இதையெல்லாம் மனசுல போட்டுண்டு குழப்பிக்காதே. போய்ப் பரீட்சைக்குப் படி."

"படிச்சதாலதான் சார் வந்திருக்கேன்" என்றாள் கிருஷ்ணவேணி.

அவர் அடுத்த நோயாளியை அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை டூட்டிக்கு முன்னால் ஐயம்பேட்டைக்கு பஸ் ஏறினாள். பெரியநாயகியின் கணவன் அர்ஜுனன் கூலிக்கு நெய்கிறவன். வீட்டுக்குள் தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். ஆனால் எழுந்திருக்கவில்லை, கையும் நிற்கவில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள். அவன் தறியின் நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னான். அன்றைக்கு மூன்று பெண்கள் டிரம் கழுவினார்கள். அடியில் தங்கின எண்ணெயைத் தேங்காய் நாரால் வழித்துப் போடுகிற வேலை. ஒரு டிரம் சாய்ந்து பெரியநாயகியின் மேல் கொட்டிவிட்டது. வேலையை முடிக்காமல் போனால் அரைநாள் கூலிகூட இல்லை என்று மேஸ்திரி சொன்னதால், ஈரப் புடவையோடு வெயிலில் நின்று கழுவியிருக்கிறாள். மற்ற இரண்டு பேருக்கும் தலைவலியும் வாந்தியும். அவர்களுக்கு சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்ற கேள்வி கிருஷ்ணவேணியின் வாயில் வந்துவிட்டது. தறி அப்போதுதான் நின்றது.

"சொன்னனே டாக்டரம்மா. சாய எண்ணெ மேல கொட்டிடுச்சுன்னு உங்க கிட்டதான் சொன்னேன். ரெண்டு தபா சொன்னேன். நீங்க கேட்டுக்கினுதான் இருந்தீங்க. எழுதிக்கல."

அவளுக்கு நினைவு வந்தது. அவன் கட்டில் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சம் வெளியே இருப்பா என்று அவள்தான் சொன்னாள். வயலில் பாடுபடுகிற அப்பனின் மகள், ஒரு தறிக்காரன் வாயைத் திறந்தால் அதில் விஷயம் இருக்காது என்று எப்போது நினைக்கக் கற்றுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் மறுபடி நாடாவைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். சர்டிபிகேட் எங்கே என்று கேட்டதற்கு, மூன்றாம் நாளே பட்டறை கணக்குப்பிள்ளை வந்து ஆபீசுக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னான்.

பட்டறை அங்கிருந்து அரை மைல். கோபத்தில் நடந்ததில் தூரம் தெரியவில்லை. மாணிக்கவாசகம் அவளை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார். அவள் மோரைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள். எண்ணெய் டிரம்களைக் கையால் கழுவக்கூடாது, ரப்பர் கையுறை வேண்டும், சோப்பும் தண்ணீரும் மாற்றுத் துணியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நடந்ததை முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா? ஹார்ட்டுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? படிச்ச டாக்டர் எழுதினதை நான் எப்படி இல்லேன்னு சொல்ல முடியும்?"

அவருடைய குரலில் கேலிகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனிதனிடம் இருக்கிற ஒரே ஆயுதம் தான் செய்து கொடுத்தது என்பது, முகத்தில் துணியைப் போட்டு அமுக்கின மாதிரி இருந்தது. காகிதத்தைக் கிழித்துப் போடக் கை துடித்தது. கிழித்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்ததால் எழுந்து வெளியே வந்தாள்.

முற்றத்தில் மூன்று பெண்கள் டிரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். முழங்கைவரை எண்ணெய். கிருஷ்ணவேணி நேராக அவர்களிடம் போனாள். இந்த எண்ணெய் மேலே பட்டால் அந்தத் துணியை உடனே அவிழ்த்துப் போட்டு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், தலை சுற்றினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டுக்குப் போகக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வந்ததும் முதல் வார்த்தையாகச் சாய எண்ணெய் என்று சொல்ல வேண்டும் என்றாள். லோகாம்பாள் என்ற பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் மேஸ்திரி ஓடிவந்து, வேலை நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்று வாசலைக் காட்டினான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரி மருந்தாளர் தாவீதிடம் மெத்திலீன் நீல ஊசிக் குப்பிகள் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். சளிப் பரிசோதனைக்கு வைத்திருக்கிற நீலப் பொடி இருக்கிறதே என்றார் அவர். அது கண்ணாடித் தகட்டில் ஊற்றுவதற்கு, ஆள் உடம்புக்கு ஆகாது என்று அவள் விளக்கினாள். எதற்கென்று அவர் கேட்டார். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, சீட்டைப் பெரிய டாக்டரிடம் காட்டாமலே பட்டணத்துக்குப் போகிறவர் ஒருவரிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்துவிட்டார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு லோகாம்பாளை சைக்கிள் ரிக்ஷாவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு, நகம், காது மடல் எல்லாம் ஈய நிறம். கூட வந்தவள் வாசலிலேயே கத்திச் சொல்லிவிட்டாள், சாய எண்ணெய் என்று. பூவம்மாள் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. புடவையை உருவிப் போட்டு, சோப்புத் தண்ணீரால் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் கழுவினாள். கிருஷ்ணவேணி பிராணவாயுவை வைத்துவிட்டு ரத்தம் எடுத்தாள். அதே காப்பி நிறம். அதைப் பார்த்ததும் உள்ளே ஏதோ எரிந்தது. மருந்துப் பெட்டியைத் திறந்தாள்.

கிருஷ்ணஸ்வாமி வந்து சேர்ந்தபோது அவள் குப்பியை உடைத்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். நீல மையைப் போன்ற அந்த மருந்தைக் கண்டதும் அவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"சாயத்தை நரம்புல ஏத்தப் போறியா? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"போன தடவை யார் சார் பதில் சொன்னாங்க?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். மை ஒற்றும் தாள் ஒன்றை எடுத்து அதில் லோகாம்பாளின் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டாள். பூவம்மாளிடம் கையை நீட்டித் தன் ரத்தத்திலும் கொஞ்சம் எடுக்கச் சொல்லி அதைப் பக்கத்தில் விட்டாள். காற்றுப் பட்டதும் கிருஷ்ணவேணியுடையது சிவந்தது. மற்றது மண் நிறத்திலேயே நின்றது. தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்காமல் நரம்பைத் தேடி மருந்தை மெல்ல ஏற்ற ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவர் தடுக்கவில்லை. உதவவும் இல்லை.

இருபது நிமிஷத்தில் லோகாம்பாளின் உதட்டில் நிறம் வரத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். சாயங்காலம் பச்சையாக மூத்திரம் போனதைப் பார்த்துப் பயந்து அவள் அழ, அது மருந்தின் நிறம்தான் என்று பூவம்மாள் சிரித்துக்கொண்டே தேற்றினாள். வார்டில் எல்லாரும் சிரித்தார்கள். கிருஷ்ணவேணியால் சிரிக்க முடியவில்லை. இத்தனை சுலபமான ஒன்றா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெட்டிக் குப்பி, ஒரு வாளி சோப்புத் தண்ணீர், ஒரு மனிதன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. பெரியநாயகிக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

பதிவேட்டில் அனிலின் விஷம், வேலை செய்யும் இடத்தில் ஏற்பட்டது என்று எழுதினாள். போலீசுக்கும் தகவல் எழுதினாள். அன்று மாலையே கிருஷ்ணஸ்வாமி அவளைக் கூப்பிட்டு, மயக்கம் என்று மாற்றி எழுதிவிடச் சொன்னார். பெண்தான் பிழைத்துவிட்டாளே, அப்புறம் எதற்கு வம்பு என்றார். அவள் மாற்றவில்லை. அதற்குப் பதிலாக மூன்று கடிதங்கள் எழுதினாள். ஒன்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று நகராட்சியின் சுகாதார அதிகாரிக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு. மூன்றிலும் ஒரே விஷயம்தான். பெரியநாயகியின் மரணத்துக்கு நான் எழுதிக் கொடுத்த காரணம் தவறு. கணவர் சொன்ன தகவலை நான் பதிவு செய்யவில்லை. அவர் இறந்தது, வேலை செய்த சாயப்பட்டறையில் மேலே கொட்டிய அனிலின் விஷத்தால்.

கமிட்டி பத்தாம் நாள் அவளை வேலையை விட்டு நீக்கியது. தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட டாக்டரை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தீர்மானத்தில் சொல்லியிருந்த காரணம். இன்ஸ்பெக்டர் வந்தார், விசாரித்தார். பெரியநாயகியின் நெஞ்சில் உண்மையிலேயே வால்வுக் கோளாறின் சத்தம் கேட்டதா என்று அவர் கேட்டதற்கு, கேட்ட மாதிரி இருந்தது என்று கிருஷ்ணஸ்வாமி சொன்னாராம். பட்டறையில் டிரம் கழுவுவதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மாணிக்கவாசகத்துக்கு அபராதம் போட்டார்கள். அவர் அதைக் கட்டிவிட்டு, அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டில்கள் வாங்கிக் கொடுத்தார்.

பரீட்சைக்கு மிச்சமிருந்த நாட்களை அவள் தாமலில் கழித்தாள். படிப்பதற்கு இப்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வரியையும் தாண்டவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ ஒருவர் செத்துக் கிடப்பதாகத் தோன்றியது. அவர்களைக் கொண்டுவந்தவர்கள் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதாகவும். வாய்மொழித் தேர்வில் ஒரு வயசான பரீட்சகர் குடல் புண்ணைப் பற்றிக் கேட்டார். அவள் விடை சொன்ன விதத்தைப் பார்த்து, ஏனம்மா சண்டைக்கு வந்த மாதிரி பேசுகிறாய் என்றார். ஆனாலும் மார்க் போட்டார். இந்தத் தடவை மூன்றிலும் தேறினாள். பட்டணத்தில் விபத்து வார்டில் ஆவணியில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. தர்மன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கிளம்புவதற்கு நாலு நாள் இருக்கும்போது நகராட்சியிலிருந்து காகிதம் வந்தது. பெரியநாயகியின் மரணப் பதிவைத் திருத்திவிட்டதாகவும், திருத்திய நகலை இணைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போனாள். அர்ஜுனன் இந்தத் தடவை தறியிலிருந்து எழுந்து வந்தான். காகிதத்தை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்து, படிக்கச் சொன்னான்.

அவள் படித்தாள். பெயர், வயது, தேதி. இறப்புக்குக் காரணம்: விஷம், அனிலின்.

"பட்டறை பேரு?"

அதற்கு இதில் இடம் இல்லை என்றாள்.

"வேல செய்யற எடத்துலன்னு?"

அதுவும் இல்லை என்றாள். கடிதத்தில் எழுதியிருந்தேன், நகலில் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வெசம்னு மட்டும் போட்டுக்கினா என்னா அர்த்தம் டாக்டரம்மா? ஊர்ல என்னா சொல்லுவாங்க? புருசன் கிட்ட சண்ட போட்டுக்கினு குடிச்சிட்டா, அதான? நாளைக்கி எம் பொண்ணு வளந்து இத எடுத்துப் படிச்சா, எங்கம்மா ஏன் வெசம் குடிச்சான்னு எங்கிட்ட கேக்கும். இதுக்கு அந்த ஹார்ட்டே இருந்திருக்கலாம்."

கிருஷ்ணவேணி அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இரண்டாம் முறையும் அவள் எழுதின எழுத்து அந்தப் பெண்ணுக்கு அநியாயம்தான் செய்திருக்கிறது. ஐந்து மாதமாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது கொஞ்சமும் தணியவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தணிந்துவிட்டதாக அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவனிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். நூல் கணக்கு எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தான். அன்றைக்கு நடந்ததையெல்லாம் முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னாள். டிரம் எப்போது சாய்ந்தது, மேஸ்திரி என்ன சொன்னான், எத்தனை மணிக்கு வண்டி கட்டினார்கள், ஆஸ்பத்திரியில் அவன் எத்தனை தடவை சொன்னான், டாக்டர் என்ன பதில் சொன்னாள். அவன் சொல்லச் சொல்ல அவன் வார்த்தையிலேயே எழுதினாள். கொஞ்சம் வெளியே இருப்பா என்று சொன்னதையும் விடவில்லை. எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள். இரண்டு இடத்தில் அவன் திருத்தினான். பிறகு விரலில் மை தொட்டுக் கைநாட்டு வைத்தான்.

சுகாதார அதிகாரியின் அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். இப்போது மூன்றரை. வாங்க என்றாள். அர்ஜுனன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். அவன் அவளை மன்னிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்குகிற எண்ணமும் அவளுக்கு இப்போது இல்லை.